ஒரு நாளும் நிறுத்தக் கூடாது

போன வாரம் நான் பழைய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தப்போ, டீ குடிக்கற நேரத்துல பயிற்சி டாக்டருங்க நீங்க மூணு பேரும் என்னைச் சுத்தி வளைச்சுக்கிட்டு ஒரே கேள்வியைக் கேட்டீங்க. "சார், தாடை ஒடஞ்சவங்களுக்கு ஆபரேஷன் சமயத்துல ஸ்டீராய்டு போடலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." ஒரே வார்த்தையில சொல்றதுக்கு நான் என்ன கிளி ஜோசியமா பாக்கறேன்? அன்னைக்கு உங்க மேல எரிஞ்சு விழுந்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டும்போதுதான் தெரிஞ்சுது, கோவம் உங்க மேல இல்ல, என் மேல. ரொம்ப வருஷம் இந்தக் கேள்விக்கு நானும் ஒரே வார்த்தையிலதான் பதில் வச்சிருந்தேன். அந்த ஒரு வார்த்தை ஒரு மனுஷனைச் சாகடிக்கப் பாத்துச்சு. வாயால சொன்னா பாதியில மறுபடியும் கத்துவேன். அதனால எழுதித் தரேன், பொறுமையா படிங்க.

நான் நம்ம தங்கச் சுரங்கத்து ஊர்ல ஸ்கெலட்டன்ங்கற பேட்டையில பொறந்தவன்; ஸ்கெலட்டன்னா எலும்புக்கூடு. "அங்க பொறந்தவன் எலும்பை ஒட்டவைக்கற டாக்டர் ஆகாம வேற இன்னா ஆவான்"னு காலேஜ்ல கிண்டல் பண்ணுவாங்க. பல் டாக்டருக்குப் படிச்சு முடிச்சதும் முதல் வேலை ஆண்டர்சன்பேட்டையில ஒரு சின்ன கிளினிக்ல. அந்தக் கிளினிக்கை நடத்தினவர் பெரிய கோவக்காரர். பேரு வேணாம், பெரிய டாக்டர்னே வச்சுக்குவோம். நான் மருந்துச் சீட்டு எழுதி நோயாளி கையில குடுக்கறதுக்கு முன்னாடி அவர் கை குறுக்கே வரும். வாங்கிப் பார்ப்பார். பிடிக்கலன்னா நோயாளி முன்னாடியே சர்ருன்னு கிழிப்பார். "யாருக்கு? எத்தனை நாளைக்கு? இந்த ரெண்டும் இல்லாத சீட்டு மொட்டைக் கடுதாசி. திருப்பி எழுது." ஒரு நாளைக்கு நாலு சீட்டாவது கிழியும். அவர் ஊர்ல இல்லாத நாள்ல எனக்கு விடுதலை. இஷ்டத்துக்கு எழுதுவேன். ஒரு வருஷம் அங்க இருந்தேன். அப்புறம் மேல படிச்சு, தாடை அறுவை சிகிச்சையில தேறி, இதே ஊருக்குத் திரும்பி வந்தேன்.

வந்த புதுசுல ஒரு பையன். பைக்ல விழுந்து தாடை ஒடஞ்சு வந்தான். அஞ்சு நாள்ல அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். "முகம் இப்படி பூசணிக்கா மாதிரி இருந்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி எப்படி சார் நிக்கறது"ன்னு அவங்கம்மா அழுதாங்க. ஆபரேஷன் பண்ணிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டேன். ஒரு நாள் இல்ல, மூணு நாள். நல்ல மருந்துதான், அதைப் பொல்லாததுன்னு நான் சொல்லவே மாட்டேன். வீக்கம் வத்துச்சு, வலி போச்சு, பையன் கண்ணாடி பாத்து சிரிச்சான். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன். ஒடஞ்ச எடத்துல ஒரு பல்லு வேரோட செத்துக் கெடந்துச்சு, உள்ள சீழ் பிடிக்குது. வீங்கணும், வலிக்கணும், ஜுரம் அடிக்கணும், அதுங்கதானே நமக்குச் சேதி சொல்லும்? அந்த மூணு வாயையும் நான் ஊசி போட்டு மூடிட்டேன்.

கல்யாணத்தன்னைக்குக் காலைல கழுத்தெல்லாம் கட்டை மாதிரி ஆகி, மூச்சு விட முடியாம தூக்கிட்டு வந்தாங்க. கழுத்தைக் கிழிச்சு சீழை எடுத்து, தொண்டையில ஓட்டை போட்டு மூச்சு விட வச்சோம். பிழைச்சான். அங்க தாலி கட்டற நேரத்துல அவங்கம்மா பட்டுப்புடவையோட எங்க வராண்டாவுல நின்னுக்கினு என்னையே பாத்தாங்க. "வத்திடுச்சின்னு நீங்கதானே சார் சொன்னீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி.

அன்னைக்கு ஒரு அட்டையை எடுத்தேன். கொட்டை எழுத்துல, "தாடை முறிவுக்கு ஸ்டீராய்டு போடாதே"ன்னு எழுதி, கீழ கையெழுத்தும் போட்டு ஒட்டினேன். ஆபரேஷன் தியேட்டருக்கும், ஆபரேஷன் முடிஞ்சவங்களைப் படுக்க வைக்கற பக்கத்து ரூமுக்கும் நடுவுல இருக்கற சுவர்ல, எல்லாரும் பாக்கற மாதிரி. வர்ற டாக்டருங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்னு விட்டேன். சூடுபட்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது. நானும் போகல, ரொம்ப வருஷம் போகவே இல்ல. எனக்கு ஒரு கொள்கை கெடைச்சிடுச்சுன்னு நெனச்சேன். கெடைச்சது பயம்.

இப்போ தணிகாசலம் கதைக்கு வரேன். நான் ரிட்டயர் ஆகறதுக்கு அஞ்சாறு வருஷம் முன்னாடி நடந்தது.

தணிகாசலத்துக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீடு ஆண்டர்சன்பேட்டை. அவங்கப்பா மைன்ஸ்ல அண்டர்கிரவுண்ட்ல வேலை பாத்தவர். இவர் பெங்களூர்ல ஒரு கம்பெனியில செக்யூரிட்டி சூப்பர்வைசர். நம்ம ஊர் பாதி ஜனம் மாதிரி விடியக்காலை ரயில்ல போய், பொழுது சாஞ்சு திரும்பற ஆளு. ஒரு நாள் ஓடி ஏறும்போது கால் வழுக்கி, மோவாய் நேரா ரயில் படியில மோதிடுச்சு. முன்தாடையில ஒண்ணு, வலது காதுக்குக் கீழ ஒண்ணு, ரெண்டு எடத்துல முறிவு. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தாரா? இல்ல. யாரோ சொன்னாங்கன்னு எண்ணெய்க் கட்டு கட்டிக்கினு வீட்ல ரெண்டு நாள் படுத்துட்டார். மூணாவது நாள் முகம் ரெண்டு மடங்கா வீங்கி, வாயிலிருந்து சீழ் நாத்தம் வர ஆரம்பிச்ச பிறகுதான் அவர் சம்சாரம் அமுலு ஆட்டோவுல போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க.

கேஸ் ஷீட்டை நானே எழுதினேன். சர்க்கரை? பிபி? மூச்சிரைப்பு? எதுனா மாத்திரை சாப்பிடறாரா? அவரால வாயைத் தொறக்க முடியல, கையை ஆட்டினார். அமுலுதான் சொன்னாங்க.

"ஒண்ணும் இல்ல சார். சர்க்கரைலாம் எனக்குத்தான். அவரு கல்லாட்டம் கீறாரு."

"வீசிங்?"

"முன்ன இருந்துச்சு சார், மைன்ஸ் டம்ப் மண்மேட்டுத் தூசி பறக்கற காலத்துல இழுக்கும். இப்ப நாலஞ்சு வருசமா ஒண்ணும் இல்ல, நல்லா கீறாரு."

மருந்து எதுவும் இல்லைன்னு எழுதி அடிக்கோடு போட்டேன். இந்த எடத்துல கொஞ்சம் நில்லுங்க பிள்ளைங்களா. மூச்சிரைப்பு இருந்துச்சு, இப்ப இல்லன்னு ஒரு பொம்பளை சொல்றாங்க. எப்படிம்மா போச்சுன்னு நான் கேட்டேனா? கேக்கல. சீழைப் பத்தி யோசிச்சுக்கினு இருந்தேன். ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சு, மறுநாள் காலைல ஆபரேஷன்னு முடிவு பண்ணிட்டு எழுந்துட்டேன்.

மறுநாள் காலைல மயக்கம் குடுக்க வந்தவர் கோலார் பக்கத்து இளம் டாக்டர். தமிழ் புரியும், அவசரத்துல கன்னடம்தான் வரும். தணிகாசலத்தோட முகத்தைப் பாத்துட்டு, "சார், ஊத ஜாஸ்தி இதே, டெக்ஸா கொட்லா?"ன்னு கேட்டார். வீக்கம் ஜாஸ்தியா இருக்கே, ஸ்டீராய்டு ஊசி ஒண்ணு போடட்டுமான்னு. நான் கட்டை விரலைத் திருப்பி சுவர்ல இருந்த அட்டையைக் காட்டினேன். அவர் தோளைக் குலுக்கிட்டு ஊசியைத் திருப்பி ட்ரேயில வச்சார். அந்த ஒரு ஊசியை நான் போட விட்டிருந்தா இந்தக் கதையே இருக்காது.

ஆபரேஷன் நல்லாவே முடிஞ்சுது. சீழை எடுத்து, செத்த பல்லைப் பிடுங்கி, பிளேட் வச்சு, மேல்பல் கீழ்பல் ரெண்டையும் சேர்த்துக் கம்பியால கட்டினேன். வாய் பூட்டு போட்ட மாதிரி. அப்படிக் கட்டினவங்க தலைமாட்டுல கம்பி வெட்டற பிளையரை பேண்டேஜ் துணியில கட்டித் தொங்க விடறது நம்ம வழக்கம், உங்களுக்கே தெரியும். வாந்தி வந்தா வெட்டி விடணுமே, இல்லன்னா உள்ளயே அடைச்சுடும். அன்னைக்கும் பிலோமினா சிஸ்டர் மறக்காம கட்டித் தொங்க விட்டாங்க. நம்ம ஊர் பாலகாட் பேட்டையிலேருந்து வர்ற அம்மா, எனக்கு ஒரு வருஷம் பெரியவங்க. அதிகம் பேச மாட்டாங்க.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தொறக்கறேன், மயக்க டாக்டர் வாசல்ல நிக்கறார். "சார், பிபி ஏர்த்தா இல்லா." பிபி ஏற மாட்டேங்குதாம்.

ஓடினேன். தொண்ணூறு. ரெண்டு பாட்டில் சலைன் வேகமா எறக்கினோம். எண்பத்தி ரெண்டு. பிபி ஏத்தற மருந்தை ஆரம்பிச்சோம். எழுபத்தி எட்டு. நம்ம ஊர்க்காரன் பாஷையில சொன்னா, சுரங்கத்து ஷாஃப்ட்ல ஆளுங்களை எறக்கற கேஜ் கூண்டு எறங்கற மாதிரி, நின்னு நின்னு எறங்குது, ஏறவே இல்ல. தணிகாசலம் கண்ணை மூடிக்கினு கெடக்கார். கூப்பிட்டா முனகறார். உடம்பு சில்லுன்னு வேர்த்துக் கெடக்கு.

எனக்குத் தோணினது ஒண்ணே ஒண்ணுதான். ரத்தம். உள்ள எங்கியோ ரத்தக்குழாய் அவிழ்ந்து நாக்குக்கு அடியில ரத்தம் சேர்றது. கழுத்தைத் தடவிப் பாத்தேன். காலைல இருந்ததவிட கொஞ்சம் ஜாஸ்தி வீங்கின மாதிரி இருந்துச்சு. உண்மையிலயே இருந்துச்சா, இல்ல, எனக்கு அப்படித் தேவைப்பட்டுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

"தியேட்டரை ரெடி பண்ணுங்க. மறுபடியும் தொறக்கணும்"னேன்.

மயக்க டாக்டர் குறுக்கே வந்து நின்னார். "சார், இந்தப் பிபியில மறுபடியும் மயக்கமா? டேபிள் மேலயே போய்டுவார். ரத்தம் போனா ஹீமோகுளோபின் எறங்கணும், எறங்கல. ஒருவேளை சீழ் ரத்தத்துல கலந்திருக்கலாம்."

"அப்போ என்னய்யா பண்ணச் சொல்ற? பாத்துக்கினே நிக்கட்டுமா?"

"பெங்களூருக்கு அனுப்பலாம் சார்."

"வழியில பங்காருப்பேட்டையே தாண்ட மாட்டார்யா!"

கத்திட்டேன். ரெண்டு டாக்டருங்க ஒரு சாவப்போற மனுஷனோட கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு சண்டை போடறோம். வெளிய அமுலு கேட்டுக்கினு நிக்கறாங்க. கன்சென்ட் பேப்பரை எடுத்துட்டுப் போய் அவங்க கையில குடுத்தேன்.

"காலைல ஒருக்கா தொறந்தீங்களே சார். மறுக்காவுமா?"

"வேற வழி இல்லம்மா. சீக்கிரம்."

அப்போ உள்ளேருந்து ஒரு சத்தம். தொண்டைக்குள்ள தண்ணி கொப்புளிக்கற சத்தம். வாந்தி. வாய் பூட்டிக் கெடக்கு. நான் திரும்பி நாலடி எடுத்து வைக்கறதுக்குள்ள பிலோமினா சிஸ்டர் பிளையரை அவிழ்த்து, ஆளை ஒருக்களிச்சுத் தள்ளி, கட்டு கட்டா வெட்டிட்டாங்க. டக், டக், டக், டக். நாலு கட்டு. வாயைப் பிளந்து சக்‌ஷனை விட்டாங்க. தணிகாசலம் இருமி இருமி மூச்சை இழுத்தார். நான் ரெண்டு மணி நேரம் ஒக்காந்து கட்டின கட்டு, நாலு செகண்ட்ல போச்சு. சந்தோஷமா போச்சு.

பிபி எழுபது.

தியேட்டர்லேருந்து ட்ராலி வந்துடுச்சு. சிஸ்டர் பிபி பட்டையைக் கழட்டினாங்க, கழட்டின கையை அப்படியே பிடிச்சுக்கினு பாத்தாங்க.

"சார், இங்க பாருங்க."

பட்டை இருந்த எடம் முழுக்க கருநீலமா ரத்தம் கட்டியிருக்கு. தோலு வெங்காயச் சருகு மாதிரி மெலிசா, பிளாஸ்திரி ஒட்டின எடத்துல உரிஞ்சு வந்திருக்கு.

"ரயில்ல விழுந்த அடி சிஸ்டர், தள்ளுங்க."

"விழுந்தது வலது பக்கம் சார். இது இடது கை."

எனக்கு எரிச்சல். ஆளு போய்க்கினு இருக்கான், இவங்க கையைப் பாத்துக்கினு நிக்கறாங்கன்னு. ஆனா அவங்க என் பதிலுக்குக் காத்திருக்கல. நேரா வாசலுக்குப் போனாங்க. அமுலு இன்னும் கையெழுத்துப் போடாம பேப்பரைப் பிடிச்சுக்கினு நிக்கறாங்க. ட்ராலியைத் தள்ளிக்கினு நானும் வாசல் வரைக்கும் வந்துட்டேன், அதனால காதுல விழுந்துச்சு.

"அமுலு, உங்க வீட்ல யாரு யாரு மாத்திரை கீது?"

"என்னோட சர்க்கரை மாத்திரைதான் சிஸ்டர். அப்பால மாமாவோடது."

"மாமான்னா?"

"எங்க மாமனாரு சிஸ்டர், மைன்ஸ்ல இருந்தாரு. நெஞ்சுல தூசி."

"அவருக்கு இப்ப எப்டி கீது?"

"அவரு செத்து அஞ்சு வருசம் ஆவுது சிஸ்டர்."

"செத்தவரு மாத்திரைய யாரு சாப்பிடறது?"

அமுலு, அதுல தப்பா ஒண்ணும் இல்லங்கற மாதிரியே சொன்னாங்க. "இவருதான். மாமா போனப்ப டப்பா நெறைய மிச்சம் இருந்துச்சு. இவருக்கும் இழுக்குதேன்னு ஒண்ணு போட்டுக்கினாரு, புது ஆளாட்டம் ஆயிட்டாரு. அப்பால மாமா சீட்டையே காட்டி கடையில வாங்கிக்கறோம். தெனம் ரெண்டு. சின்ன வெள்ள மாத்திரை. ஆனா இந்த நாலு நாளா சாப்பிடல சிஸ்டர், வாய்தான் தொறக்கலையே. பொடி பண்ணி கஞ்சில போடவான்னேன். அவருதான் வேணாம்னு கையக் காட்டிட்டாரு."

"டாக்டரு மாத்திரை சாப்பிடறாரான்னு கேட்டாரே, ஏம்மா சொல்லல?"

"அது மாமா மாத்திரையாச்சே சிஸ்டர்."

ஐயோ, கடவுளே! ட்ராலியைத் தள்றதை நிறுத்திட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சதுதான், ஆனாலும் சொல்றேன், அந்தச் சின்ன வெள்ள மாத்திரை ஸ்டீராய்டு. கிட்னி மேல உக்காந்திருக்கற சுரப்பி, உடம்புக்கு அடிபட்டா தாங்கறதுக்கு ஒரு சரக்கைச் சுரக்கணும். வருஷக்கணக்கா அதே சரக்கை மாத்திரையா வெளியேருந்து குடுத்துக்கினே இருந்தா, அந்தச் சுரப்பி வேலையை மறந்து தூங்கிடும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா எழுந்துக்காது. நாலு நாள் மாத்திரை இல்ல, எலும்பு முறிவு, சீழ், மேல ஒரு ஆபரேஷன். தாங்கறதுக்கு அந்த உடம்புல ஒண்ணுமே இல்ல. உப்பின முகம், மெலிஞ்ச தோலு, அந்த மாத்திரையோட அடையாளம் எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு. முகம் உப்பினது முறிவால, தோலு கருத்தது அடியால, மூச்சிரைப்பு நின்னது அவர் அதிர்ஷ்டத்தாலன்னு ஒவ்வொண்ணுக்கும் நானே ஒரு சாக்கு வச்சிருந்தேன்.

இப்போ போட வேண்டியது ஹைட்ரோகார்டிசோன். ஸ்டீராய்டு. சீழ் பிடிச்ச தாடைக்கு.

நீங்க நம்ப மாட்டீங்க. அவ்வளவு தெரிஞ்ச பிறகும் எனக்கு வாய் வரல. தலையைத் தூக்கினா நேர் எதிரே சுவர்ல என் அட்டை. அந்தப் பட்டுப்புடவை அம்மா அதுக்குப் பக்கத்துலயே நிக்கற மாதிரி இருந்துச்சு. ஒருவேளை இது நெஜமாவே சீழாலதான் வந்ததுன்னா? ரத்தமாவே இருந்தா? போட்டுட்டு மறுபடியும் ஒரு கழுத்து கட்டையாச்சுன்னா? மயக்க டாக்டர் என்னைப் பாக்கறார். சிஸ்டர் அதுக்குள்ள மருந்தைக் கலக்கி ஊசியில ஏத்திட்டாங்க, ஆனா போடல.

"சொல்லுங்க சார். உங்க அட்டைதான் தடுக்குது."

அந்த நேரத்துல நான் போட்ட கணக்கு ரொம்பச் சின்னது. நான் நெனைக்கறது தப்பா இருந்து, இந்த ஒரு ஊசியைப் போட்டா, பெரிய நஷ்டம் இல்ல, சீழுக்கு ஆன்டிபயாடிக் ஓடிக்கினு இருக்கு. நான் நெனைக்கறது சரியா இருந்து, போடாம விட்டா, இந்த ஆள் சாயங்காலத்தைப் பாக்க மாட்டார். நிச்சயம் பண்ணிக்க ரத்தப் பரிசோதனை அனுப்பினா ரிசல்ட் வர்றது நாளைக்கு. இதுல யோசிக்க என்னடா இருக்குன்னு என்னையே நான் திட்டிக்கிட்டேன்.

"போடுங்க சிஸ்டர்."

போட்டாங்க. கையோட சர்க்கரையைக் குத்திப் பாத்தா நாப்பத்தெட்டு. அதுக்கும் குளுக்கோஸ் ஏத்தினோம். ட்ராலி வாசல்லயே நின்னுச்சு. அதை அனுப்பவும் தைரியம் இல்ல, உள்ள தள்ளவும் மனசு இல்ல. மயக்க டாக்டர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பிபியைச் சத்தமா சொன்னார். எழுபத்தி ரெண்டு. எழுபது. எழுபத்தி நாலு. பிலோமினா சிஸ்டர் உதட்டுக்குள்ள ஜெபம் பண்றது தெரிஞ்சுது. எனக்கு ஜெபம் வராது, நான் சொட்டு எண்ணிக்கினு இருந்தேன். எண்பது. அதுக்கப்புறம் எண்பத்தி எட்டு. முக்கால் மணி நேரத்துல தொண்ணூத்தி ஆறு வந்தப்போ மயக்க டாக்டர், "ஏர்த்தா இதே சார், ஏர்த்தா இதே"ன்னு சின்னக் கொழந்தையாட்டம் கத்தினார். நான் ட்ராலியைக் கொண்டு போகச் சொன்னேன். போய், தொறந்தபடியே கெடந்த சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

தணிகாசலம் நாலு மணிக்குக் கண்ணைத் தொறந்து அமுலுவைப் பாத்தார். சீழ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மூணு நாள் ராப்பகலா பக்கத்துலயே ஒக்காந்து கழுத்தைத் தடவித் தடவிப் பாத்தோம். ஸ்டீராய்டைத் தேவையான அளவுக்குக் குடுத்தோம், கொஞ்சம் கொஞ்சமா குறைச்சோம். நாலாம் நாள் மறுபடியும் பல்லைச் சேர்த்துக் கட்டினோம். தாடை ஒட்டிக்கிச்சு. இன்னிக்கும் அந்த மனுஷன் முறுக்கு கடிக்கறார்.

ஆனா நான் சொல்ல வந்தது இதுல முடியல.

மறுநாள் காலைல அமுலுவை வீட்டுக்கு அனுப்பி, அந்த மாத்திரை டப்பாவையும் சீட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். எந்த மடையன் கடைக்காரன் செத்தவன் சீட்டுக்கு இத்தனை வருஷமா மாத்திரை குடுக்கறான்னு பாக்கணும், நேராப் போய் நாலு வாங்கு வாங்கணும்னு கொதிச்சுக்கினு இருந்தேன். அமுலு வந்தாங்க. சீட்டை லேமினேட் பண்ணி வச்சிருந்தாங்க. மடிப்பு மடிப்பா பழுப்பேறின காகிதம். மேல தணிகாசலத்தோட அப்பா பேரு. அதுக்குக் கீழ நெஞ்சு டாக்டர் யாரோ எழுதின மாத்திரை. அதுக்கும் கீழ வேற கையெழுத்துல, வேற மையில, அடியில ரெண்டு கோடு போட்டு ஒரு வரி.

"இந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது."

கீழ என் கையெழுத்து.

ஞாபகம் வந்துச்சான்னு கேக்காதீங்க. வரல. கையெழுத்தைத்தான் அடையாளம் தெரிஞ்சுது, ஆளைத் தெரியல. ஆண்டர்சன்பேட்டை கிளினிக்ல இருந்த வருஷம் அவர் பல்லு பிடுங்க வந்திருக்கணும். இந்த மாத்திரை சாப்பிடறவங்க திடீர்னு நிறுத்தினா ஆபத்துன்னு நான் அப்பத்தான் படிச்சிருப்பேன். படிச்ச ஜோருல எழுதியிருக்கேன். பெரிய டாக்டர் ஊர்ல இல்லாத நாளா இருக்கும், இல்லன்னா அந்தச் சீட்டு கிழிஞ்சிருக்கும். எழுதினது தப்பா? ஒரு எழுத்துக்கூடத் தப்பில்ல. இருபத்தஞ்சு வயசுல எனக்குத் தெரிஞ்ச விஷயம் அது, அம்பத்தஞ்சு வயசுல கட்டிலுக்குப் பக்கத்துல நின்னப்போ தெரியல. ஆனா யாரு நிறுத்தக் கூடாது, எது வரைக்கும் நிறுத்தக் கூடாது, அடுத்தது யாரைப் பாத்துக் கேக்கணும், அதுல ஒண்ணுமே இல்ல. கடைக்காரர் அந்த வரியை நம்பிக் குடுத்தார். மகன் அந்த வரியை நம்பிச் சாப்பிட்டார்.

எழுந்து போய் சுவர்ல இருந்த அட்டையைப் பிச்சு எடுத்துட்டு வந்து, அந்தச் சீட்டுக்குப் பக்கத்துல மேஜை மேல வச்சேன். ஒண்ணு போடாதேங்குது, ஒண்ணு நிறுத்தாதேங்குது. ரெண்டும் என் கையெழுத்து. ரெண்டுமே மொட்டைக் கடுதாசி. அட்டையைக் கிழிச்சேன். கெட்டி அட்டை, ஒரே இழுப்புல கிழியல.

அப்புறம் புதுச் சீட்டு எழுதினேன். தணிகாசலம்னு பேரு, வயசு, இந்த வாரம் எத்தனை, அடுத்த வாரம் எத்தனை, எந்தத் தேதியில எந்த நெஞ்சு டாக்டரைப் பாக்கணும், அவரைப் பாக்காம யாரும் இதைக் குறைக்கவும் கூடாது, நீட்டவும் கூடாதுன்னு எல்லாம். கையெழுத்துப் போட்டு அமுலு கையில குடுத்தேன். அந்தம்மா பத்தாவது வரைக்கும் படிச்சவங்க. புதுசைப் பாத்தாங்க, பழசைப் பாத்தாங்க. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தாங்க.

"இன்னா சார், ரெண்டும் ஒரே கையெழுத்தா கீது?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. டாக்டருங்க கையெழுத்தெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்மான்னு சிரிச்சிருக்கலாம், அந்தம்மா நம்பியிருப்பாங்க. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நேத்து உங்க புருஷனைக் கொல்லப் பாத்தது இந்தக் கைதான்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துவாங்க, கத்தட்டும்னு நெனச்சுக்கிட்டேன்.

"ஆமாம்மா. ரெண்டும் நான் எழுதினதுதான்."

அமுலு கத்தல. எழுந்து நின்னு ரெண்டு கையையும் கூப்பினாங்க. அவங்க கண்ணுல தண்ணி.

"அந்த டாக்டரு நீங்கதானா சார்? மாமா சாவற வரைக்கும் உங்களைத்தான் சொல்லிக்கினு இருந்தாரு. 'எல்லா டாக்டரும் எதையாவது எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான், அந்தப் பல்லு டாக்டரு ஒருத்தருதான் நான் பொழைக்கணும்னு நெனச்சு எழுதினாரு'ன்னுவாரு."

அந்தம்மா என்னைத் திட்டியிருந்தா நான் தாங்கியிருப்பேன். லேமினேட் பண்ணின பழைய சீட்டைத் திருப்பிக் கேட்டாங்க, மாமா ஞாபகமா வீட்ல வச்சுக்கறதுக்கு. குடுத்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி மார்க்கர் பேனாவை எடுத்து, என் வரியைக் குறுக்கே கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல அன்னையத் தேதியைப் போட்டேன்.